உளி பிடித்தவர்கள் தெற்கே போன கதை

1875-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று ‘இலாலா’ என்ற சிறிய நீராவிப் படகு நியாசா ஏரிக்குள் நுழைந்தது. இன்றைய வரைபடங்களில் மலாவி ஏரி என்று குறிக்கப்பட்டிருப்பது அந்த ஏரிதான். ஏரியிலிருந்து தெற்கே ஓடும் ஷிரே ஆற்றின் வழியேதான் அதற்குள் போக வேண்டும்; அந்த ஆற்றின் நடுவே அருவிகள் தொடர்ந்து வருவதால் படகு அப்படியே மேலே போக வழியில்லை. ஆகவே அதைத் தகடு தகடாகக் கழற்றி, நூற்றுக்கணக்கான சுமையாட்களின் தலையில் ஏற்றி, அருவிகளைச் சுற்றிக்கொண்டு மேலே கொண்டுபோய், மறுபடியும் முடுக்கிச் சேர்த்து மிதக்கவிட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் என்னும் திருச்சபை அனுப்பிய அந்த முதல் குழுவில் ஐரோப்பியர் ஏழு பேர். தலைவர் ஒரு கடற்படைக்காரர். மற்றவர்களில் இயந்திரம் தெரிந்தவர், கொல்லர், தச்சர், விவசாயி, மாலுமி என்று ஆளுக்கொரு தொழில் இருந்தது. குருப்பட்டம் பெற்றவர் ராபர்ட் லாஸ் என்ற இருபத்து நான்கு வயது மருத்துவர் ஒருவர் மட்டுமே. அவரும் அபர்தீன் நகரத்தில் மரச்சாமான் செய்யும் தச்சர் ஒருவருடைய மகன். படிக்கப் போவதற்கு முன்பு தகப்பனாரின் தொழிலையே பழகியவர்.

பிரசங்கம் செய்ய ஒருவரையும் கைவேலை செய்யப் பலரையும் அனுப்பியது தற்செயலாக நடந்ததன்று. ஏரிக் கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு அடிமைகளைச் சங்கிலியில் கட்டி இழுத்துச் சென்ற வியாபாரத்தை டேவிட் லிவிங்ஸ்டன் நேரில் கண்டு எழுதியிருந்தார். நேர்மையான வாணிகமும் நல்ல தொழிலும் அங்கே வேரூன்றினால் மனிதரை விற்க வேண்டிய தேவை தானாகவே அற்றுப்போகும் என்பது அவருடைய நம்பிக்கை. 1873-இல் அவர் இறந்து, அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட கையோடு, தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்தை நடத்திவந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தம் திருச்சபையின் பேரவையில் எழுந்து, லிவிங்ஸ்டன் பெயரால் ஒரு கல்வி நிலையமும் தொழில் நிலையமும் சேர்ந்த ஊரை அந்த ஏரிக் கரையில் நிறுவ வேண்டும் என்று கேட்டார். கிளாஸ்கோ நகரத்து ஆலை முதலாளிகள் பணம் போட்டார்கள். ‘லிவிங்ஸ்டோனியா’ பிறந்தது.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில், நம் ஊரில் ஐ.டி.ஐ. என்றே எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில், மரவேலைப் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் சாதாரணச் சபையார்களில் ஒருவன். எங்கள் சபையின் மிஷனரிக் கமிட்டி, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு கிராமப்புறத்தில் மரவேலையும் தையலும் கற்றுக்கொடுக்கும் நிலையம் தொடங்குவதற்கான திட்ட அறிக்கையை என்னிடம் கொடுத்து, எத்தனை இழைப்புளி, எத்தனை வேலைமேசை, என்ன விலை என்று கணக்குப் பார்த்துத் தரச் சொன்னது. இழைப்புளிக் கணக்கு அரை நாளில் முடிந்துவிட்டது. அறிக்கையில் எங்கும் சொல்லப்படாத ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: அங்கே பயிற்சி முடித்துப் பட்டறை போடும் பையனிடம் கதவு செய்யச் சொல்லிக் காசு கொடுக்கப் போவது யார்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பழைய மிஷன் வரலாறுகளைத் திறந்தபோதுதான் லிவிங்ஸ்டோனியா என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் அவர்கள் இறங்கிய இடம் ஏரியின் தென்முனையில் இருந்த கேப் மக்ளியர். அழகான வளைகுடா, கப்பல் நிறுத்த வசதி, ஆனால் ஆள் குறைவு, மண் மோசம், மலேரியாக் காய்ச்சல் அதிகம். அங்கே எழுப்பிய வீடுகளை விடக் கல்லறைகள் வேகமாகப் பெருகின. 1881-இல் மேற்குக் கரையின் பந்தாவேக்கு, டோங்கா மக்கள் நடுவே, மாறினார்கள். இந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்காட்லாந்துக்காரர்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்வது வழக்கம். 1876-இல் லவ்டேலிலிருந்து தன்னார்வத்தோடு வந்த நான்கு ஆப்பிரிக்கர்களைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். லவ்டேல் தச்சு, கட்டடம், வண்டி கட்டுதல், கொல்லு வேலை எல்லாம் கறுப்பின மாணவர்களுக்கு ஏற்கெனவே கற்பித்துவந்த இடம். அந்த நால்வரில் வில்லியம் கோயி என்பவர், ஏரிக்கு மேற்கே உயர்ந்த புல்வெளியில் ஆண்ட ங்கோனி மக்களிடம் போய்த் தங்கினார். ங்கோனிகள் தெற்கிலிருந்து படையெடுத்து வந்து குடியேறியவர்கள். கோயியின் தாய்மொழியும் அவர்கள் மொழியும் உறவுள்ளவை. அயல்நாட்டு மருத்துவர் எளிதில் நுழைய முடியாத அரசவைக்குள் இவர் நுழைந்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். 1886-இல் அங்கேயே இறந்துபோனார்.

லாஸ் மனத்திலிருந்த பெரிய நிலையத்துக்கான இடம் 1894-இல் அமைந்தது. ஏரிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, நியிகா மலைத்தொடரின் ஓரத்தில் உள்ள கொண்டோவே என்னும் மேட்டுநிலம். கீழே சிட்டிம்பாவிலிருந்து அந்த மேட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே போனால் குளிர், நல்ல தண்ணீர், கொசு குறைவு. அங்கே எழுந்த நிலையத்துக்குப் பெருங்கொடையாளரான ஓவர்டன் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. பள்ளி, ஆசிரியப் பயிற்சி, இறையியல், மருத்துவம் ஆகியவற்றோடு, கட்டட வேலை, தச்சு, இயந்திரப் பட்டறை, அச்சகம், தந்தி, விவசாயம் என்று தொழிற்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1904-இல் மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அருவி நீரில் சுழலும் விசையாழி வைத்து மின்சாரம் எடுத்தார்கள். அந்நாளில் நம் நெல்லைச் சீமையின் பெரிய ஊர்களிலேயே மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்டு மேட்டில் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

தொழில் கற்பித்த முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பறையில் படம் போட்டுக் காட்டிப் பிறகு செய்து பார்க்கச் சொல்வதன்று அது. நிலையத்துக்கு வேண்டிய ஒவ்வொரு சுவரையும் கதவையும் மேசையையும் பழகுநர்களே செய்தார்கள். செங்கல் அறுத்தார்கள், சூளை வைத்தார்கள், மரம் அறுத்தார்கள், பாதை வெட்டினார்கள். ஒரு பையன் பழகுநராகச் சேர்ந்து பல ஆண்டுகள் ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்து, தனியாகச் சுவர் எழுப்பும் அளவுக்கு வந்த பிறகுதான் வெளியே போவான். மூலைமட்டத்தையும் ரசமட்டத்தையும் கையில் வைத்திருப்பவனுக்கும் அவற்றை நம்புகிறவனுக்கும் உள்ள வேறுபாடு இப்படி உண்மையான கட்டடத்தில் வேலை செய்தால்தான் வரும். சுவர் கோணினால் பிரித்துக் கட்ட வேண்டும். மதிப்பெண் குறைவதோடு விஷயம் முடியாது. எங்கள் ஐ.டி.ஐ.யில் பையன்கள் ஆண்டு முழுவதும் பொருத்துகளையே வெட்டி வெட்டி விறகுக்குப் போடுவதைப் பார்த்துச் சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விட நூறாண்டு முன்னால் இருந்தார்கள்.

ஆனால் அந்த முறைக்குள்ளேயே ஒரு பொறி ஒளிந்திருந்தது. வேலை கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மிஷன் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டிருந்த வரையில் வேலைக்குக் குறைவில்லை. பயிற்சி முடித்த கொத்தன் தன் சொந்த ஊருக்குத் திரும்பினால் அங்கே எல்லா வீடுகளும் மண்ணும் கழியும் புல்லும் வைத்து உறவினரும் ஊராரும் கூடிக் கட்டிக்கொள்பவை. அந்த வீட்டுக்குச் சுட்ட செங்கல் வேண்டாம். சன்னல் சட்டமும் கீலும் வேண்டாம். அதைக் கட்டியவருக்குக் கூலி என்று பணமும் வேண்டாம், சாப்பாடும் மதுவும் போதும். மிஷன் கற்றுக்கொடுத்த தொழில் வேறொரு வகை வீட்டுக்கான தொழில். அப்படிப்பட்ட வீடு தேவைப்பட்டவர்கள் மிஷனரிகளும், ஏரியில் வியாபாரம் செய்ய 1878-இல் தொடங்கிய ஆப்பிரிக்க லேக்ஸ் கம்பெனியும், 1890-களில் வந்து சேர்ந்த பிரிட்டிஷ் அரசு அலுவலர்களும், தெற்கே ஷிரே மேட்டுநிலத்தில் காப்பித் தோட்டம் போட்டவர்களும்தான். எல்லோரும் வெள்ளையர்.

இங்கே இன்னொரு செய்தியும் சேர்ந்துகொள்கிறது. நியிகா மலைச் சரிவுகளில் வாழ்ந்த போக்கா மக்கள் இரும்பு உருக்குவதில் பேர் பெற்றவர்கள். மண் உலைகளில் தாதுவை உருக்கி அவர்கள் அடித்த மண்வெட்டி சுற்றுவட்டாரத்தில் விலைபோயிற்று. திருமணப் பரிசமாகவும் கொடுக்கப்பட்டது. மிஷனின் பட்டறை எழுந்தது அவர்களுடைய நிலப்பகுதியில்தான். கப்பலில் வந்த மலிவான இரும்பு மண்வெட்டிகள் பரவியபோது உள்ளூர் உலைகள் அணைந்தன. அதற்கு மிஷன் மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம், வியாபாரம் எங்கும் செய்த வேலை அது. ஆனால் தொழில் தெரியாத மக்களுக்குத் தொழில் கற்பிக்கப் போகிறோம் என்று எழுதிய அறிக்கைகளில், வாசலுக்கு எதிரே உலையூதிக்கொண்டிருந்த கொல்லரைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுத்த தடயம் மிகக் குறைவு. எங்கள் கமிட்டியின் அறிக்கையிலும் ‘எந்தத் தொழிலும் அறியாத மக்கள்’ என்ற தொடர் இருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடு போட்டேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஓவர்டன் பிரபு என்ற ஜான் கேம்பெல் ஒயிட், கிளாஸ்கோவை அடுத்த ரதர்க்ளென்னில் குரோமேட் ரசாயன ஆலை நடத்தியவர். லிவிங்ஸ்டோனியாக் கமிட்டியின் தலைவராகவும் அதன் முக்கியப் புரவலராகவும் இருந்தவர். பக்திமான், ஞாயிற்றுக்கிழமை டிராம் ஓடக் கூடாது என்று வாதாடியவர். 1899-இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி எழுதிய துண்டுப் பிரசுரங்கள், அந்த ஆலையில் தொழிலாளர்கள் ஞாயிறு உட்பட வாரம் ஏழு நாளும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அற்பக் கூலிக்கு வேலை செய்வதையும், குரோமியத் தூசியால் அவர்களுடைய மூக்கின் நடுத்தண்டு அரிக்கப்பட்டு ஓட்டை விழுவதையும் அம்பலப்படுத்தின. கொண்டோவேயில் செங்கல் மேல் செங்கலாக உயர்ந்த நிலையத்தில் அந்த மூக்குகளின் விலையும் இருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் கமிட்டியில் ஒருவர், நல்ல காரியத்துக்கு வந்த பணத்தின் பூர்வோத்தரத்தைத் தோண்டலாமா என்று கேட்டார். தொழிலின் மேன்மையைக் கற்பிக்கப் போகும் நிலையத்துக்கு, தொழிலாளியை மதிக்காதவரின் பணம் வந்திருந்தால் தோண்டத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

கைத்தொழில் தெரிந்த மிஷனரி என்றாலே எளிமையானவர், மக்களோடு ஒட்டியவர் என்று நினைக்கத் தோன்றும். பக்கத்திலேயே அதற்கு மாறான ஓர் உதாரணம் உண்டு. 1876-இல் ஸ்காட்லாந்தின் மற்றொரு திருச்சபை ஷிரே மேட்டுநிலத்தில் தொடங்கிய பிளான்டயர் மிஷனில், கைவினைஞர்களாகப் போன சிலர் நீதிபதிகளாகவும் மாறிப்போனார்கள். மிஷன் நிலத்தில் குடியேறியவர்களை விசாரித்துச் சவுக்கடி கொடுத்தார்கள். மரண தண்டனையும் நிறைவேற்றினார்கள். அந்த வழியே போன ஆண்ட்ரூ சர்ன்சைட் என்ற பயணி 1880-இல் இதை அச்சிட்டு வெளியிட, விசாரணை நடந்து, மிஷனின் தலைமையே மாற்றப்பட்டது. அதற்குப் பின் பொறுப்பேற்ற டேவிட் கிளெமென்ட் ஸ்காட், கட்டடக் கலை படிக்காதவர், 1888 முதல் 1891 வரை அங்கே ஒரு செங்கல் தேவாலயத்தைக் கட்டினார். வளைவுகளும் கோபுரங்களும் குவிமாடமுமாக இன்றும் நிற்கும் அதை எழுப்பியவர்கள், அதற்கு முன் அப்படிப்பட்ட கட்டடத்தில் வேலை செய்தே இராத உள்ளூர் மக்கள். ஒரே மிஷன் மண்ணில் சவுக்கும் அந்தக் கோபுரமும் பதினைந்து ஆண்டுக்குள் அடுத்தடுத்து எழுந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோரை நான் நம்புவதில்லை.

இனி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் உளி பிடித்தவர்களை ஊரைவிட்டுக் கிளப்பியது அதுதான். பிரிட்டிஷ் ஆட்சி குடிசை வரி விதித்தது. வரியைப் பணமாகக் கட்ட வேண்டும்; பிற்பாடு அதை உயர்த்தி, ஐரோப்பியரிடம் ஒரு மாதம் வேலை செய்தவருக்கு மட்டும் தள்ளுபடி என்றும் வைத்தார்கள். வடபகுதியில் தோட்டமும் இல்லை, சுரங்கமும் இல்லை, பயிரை விற்கச் சந்தைக்குப் போக இரயிலும் இல்லை. பணம் கிடைக்கும் இடம் தெற்கே இருந்தது: தென் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சுரங்கங்கள், அதற்கும் அப்பால் ஜோகன்னஸ்பர்கின் தங்க வயல்கள். ஆயிரம் மைல் நடந்தே போனார்கள். எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த லிவிங்ஸ்டோனியா மாணவர்களுக்கு அங்கே நல்ல கிராக்கி. எழுத்தராக, மேற்பார்வையாளராக, தந்தி ஊழியராக, மருத்துவமனை உதவியாளராக, தச்சராக அவர்களை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். மிஷன் கொடுத்த கூலியைப் போலப் பல மடங்கு அங்கே கிடைத்தது. போய்த் திரும்பாமலே தங்கிவிட்டவர்களை மச்சோனா என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார்.

எனக்கு இந்த இடத்தில் அந்நியமாக எதுவுமே படவில்லை. நான் பயிற்சி கொடுத்த பையன்களில் கை நன்றாக ஓடியவர்கள் பெரும்பாலும் இன்று மஸ்கட்டிலோ தோஹாவிலோ ரியாத்திலோதான் இருக்கிறார்கள். கட்டடங்களுக்குச் சாரப் பலகை அடைக்கும் வேலையே அங்கே அதிகம். பொருத்துப் பிடித்து நிலைப்படி செய்யத் தெரிந்தவன் ஆணி அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் தங்கையின் கல்யாணம் அந்த ஆணியில்தான் நடந்தது, வீட்டுக்குக் காங்கிரீட் கூரை அந்த ஆணியில்தான் வந்தது. அவன் விடுமுறையில் வந்து “சார், நீங்க சொல்லிக்கொடுத்த வேலைதான் சோறு போடுது” என்று சொல்லும்போது, நான் சொல்லிக்கொடுத்தது அதையன்று என்று பதில் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. லாஸும் இதே திகைப்பில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஊரைக் கட்டப் பயிற்றுவித்த ஆட்களை ஊருக்கு வெளியே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் போனதால்தான் ஊரில் அடுப்பு எரிந்தது.

போனவர்கள் பணத்தை மட்டும் அனுப்பவில்லை. பந்தாவேக்கு அருகே பிறந்த கிளெமென்ட்ஸ் கடாலி, லிவிங்ஸ்டோனியாவில் ஆசிரியப் பயிற்சி முடித்து, 1915-இல் ஊரைவிட்டுக் கிளம்பி, ரொடீசியா வழியாகக் கேப் டவுன் சேர்ந்தார். 1919-இல் துறைமுகத் தொழிலாளர்களைத் திரட்டி அவர் தொடங்கிய ஐ.சி.யூ. என்ற தொழிற்சங்கம், தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களின் முதல் பெரிய வெகுசன இயக்கமாக வளர்ந்தது. அதே நிலையத்தில் படித்த லெவி மும்பா போன்றவர்கள் 1912-இல் வடநியாசா மக்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்கால விடுதலை இயக்கத்தின் வேர்களில் ஒன்று அது. சாம்பியாவின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டாவின் தந்தை டேவிட் கவுண்டாவும் லிவிங்ஸ்டோனியாவிலிருந்து ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போனவரே. கூலி உழைப்பின் மதிப்பை மிஷன் கற்றுக்கொடுத்தது. அந்த உழைப்புக்கு என்ன கூலி என்று கேட்பதை அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

எல்லோரும் நன்றியோடு போகவுமில்லை. பள்ளிகளில் கட்டணம் வாங்கும் வழக்கம் வந்த காலத்தில் எலியட் கம்வானா என்ற டோங்கா இளைஞர் நிலையத்தை விட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வேறொரு உபதேசத்தோடு திரும்பிய அவர், 1908–09 வாக்கில் ஏரிக் கரையில் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வரியும் வெள்ளையர் ஆட்சியும் முடியும் நாள் அருகில் என்று முழங்கினார். அரசு அவரை நாடு கடத்தியது. லாஸ் கண்டிப்பான மனிதர். குருப்பட்டம் பெறும் தகுதி ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து, முதல் மூன்று பேருக்கு 1914-இல்தான் அது கிடைத்தது. மலை மேல் மின்விளக்கு எரிந்து பல ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனியுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சு, அச்சு, தந்தி எல்லாம் ஆண்களுக்கு. பெண் பிள்ளைகளுக்குத் தையலும் துணி வெளுத்தலும் வீட்டு நிர்வாகமும். வயலில் மண்வெட்டி பிடித்து அந்த நாட்டுக்கே சோறு போட்டவர்கள் பெண்கள். விவசாயப் பாடம் ஆண்களுக்கு நடத்தப்பட்டது. ஆண்கள் தெற்கே போன பின் கொண்டோவேயைச் சுற்றிய ஊர்களில் மரம் வெட்டிப் புதுக்காடு திருத்த ஆளில்லாமல் தவித்தவர்களும் அந்தப் பெண்களே.

சந்தை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியரும் சுவிஸ்காரரும் 1834-இல் மலபார்க் கரையில் இறங்கி மங்களூரில் தங்கினார்கள். மதம் மாறியவர்கள் சாதியோடு தொழிலையும் குத்தகை நிலத்தையும் இழந்து நின்றார்கள். கள் இறக்குபவர்களை அந்தத் தொழிலை விடச் சொன்னதும் மிஷன்தான். ஆகவே அவர்களுக்குப் பிழைப்பு தேடித்தர வேண்டிய பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. பல தொழில்களைத் தொட்டுவிட்டு, அச்சகம், நெசவு, ஓடு என்று மூன்றில் நின்றார்கள். மங்களூரின் ஜெப்புப் பகுதியில் நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை வைத்து ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் தொடங்கிய ஓட்டு ஆலையின் சரக்குதான், ஒன்றோடொன்று கவ்வி உட்காரும் அந்தச் சீமை ஓடு, தென்னிந்தியா முழுவதும் ‘மங்களூர் ஓடு’ என்று வீட்டுக்கு வீடு ஏறியது. காக்கிச் சாயத்தையும் மங்களூர் நெசவாலையில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள்; வடமேற்கு எல்லைப் படையும் அதே பெருமையைக் கோருவதால் நான் அந்த வழக்கில் இறங்கவில்லை.

மங்களூரில் ஆலை முதலில் இருந்தது, பயிற்சி அதற்குள் நடந்தது. மழை கொட்டும் கரை, கூரை எல்லோருக்கும் வேண்டும், துறைமுகம் பக்கத்தில், வாங்க ஆள் உள்ளூரிலும் உண்டு, பம்பாயிலும் உண்டு. அங்கே கற்றவன் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. விரைவிலேயே உள்ளூர் முதலாளிகளும் ஓட்டு ஆலை போட்டார்கள். மிஷன் போனாலும் தொழில் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. ஏனென்றால் மிஷன் உண்மையாகவே போய்விட்டது: முதல் உலகப் போரில் ஜெர்மானியர் எதிரிகளாக நாட்டை விட்டு அனுப்பப்பட, ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறின. குறை அங்கேயும் உண்டு. வேலையும் வீடும் சபையும் ஒரே முதலாளியிடம் இருந்தால் தொழிலாளி எந்த வாயைத் திறந்து கூலி உயர்வு கேட்பான்? ஞாயிற்றுக்கிழமை போதகரும் திங்கட்கிழமை மேலாளரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாயிற்றே.

லிவிங்ஸ்டோனியாவுக்குத் திரும்பினால், 1924-இல் அமெரிக்காவின் ஃபெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் நிதியம் அனுப்பிய கல்விக் குழு, இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்தைச் சுற்றிப் பார்த்தது. கிராமத்தில் வாழப் போகும் மக்களுக்குக் கிராமத்துக்கேற்ற கல்வி கொடுங்கள் என்பது அதன் பரிந்துரை. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கிராமத்து மனிதனைக் கிராமத்திலேயே வைத்துக்கொள்ள விரும்பிய ஆட்சியாளர்களுக்கு அந்தப் பரிந்துரை மிகவும் வசதியாகவும் இருந்தது. லாஸின் கனவு நேர் எதிரானது: கொண்டோவே ஒரு பல்கலைக்கழகமாக வளர வேண்டும் என்று அவர் விரும்பினார். ஐம்பத்திரண்டு ஆண்டுப் பணிக்குப் பின் 1927-இல் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்ப, பெரிய தொழிற்பிரிவுகள் படிப்படியாகச் சுருங்கின. அவர் கனவு கண்ட பல்கலைக்கழகம் அந்த மேட்டில் 2003-இல்தான் திறக்கப்பட்டது.

இத்தனையும் படித்த பிறகு கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது இழைப்புளிக் கணக்கை விடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது. கட்டடம் கட்டுவதற்கு முன்பு அந்த வட்டாரச் சந்தையில் ஒரு முழு அறுவடைக் காலம் உட்கார்ந்து, கதவு, கட்டில், பள்ளிக்கூட பெஞ்சு, சவப்பெட்டி ஆகியவற்றை இன்று யார் செய்கிறார்கள், என்ன மரத்தில், என்ன விலைக்கு, யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டேன். ஏற்கெனவே அங்கே பட்டறை வைத்திருக்கும் உள்ளூர்த் தச்சர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். நம் ஊரிலிருந்து ஆள் அனுப்பினால் அவர்களுக்குக் கீழே, குறிப்பிட்ட ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க மட்டும் அனுப்ப வேண்டும் என்றேன். சான்றிதழ் கொடுக்கும் நாளில் கூடவே ஒரு கருவிப் பெட்டியும் கொடுக்க வேண்டும், அதில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்தச் சந்தையிலேயே மறுபடி வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். மின்சாரம் வந்து போகும் ஊருக்கு நாம் அனுப்பவிருந்த ரம்ப இயந்திரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். படித்தவர்களில் பாதிப் பேர் தலைநகரத்துக்கோ அயல்நாட்டுக்கோ போய்விடுவார்கள் என்பதை இப்போதே கணக்கில் எழுதிவிட வேண்டும், அதைத் தோல்வி என்று பத்து ஆண்டு கழித்து அறிக்கையில் எழுதக் கூடாது என்று கடைசியில் சேர்த்தேன்.

கமிட்டி இதில் கருவிப் பெட்டியை உடனே ஏற்றுக்கொண்டது. காணிக்கை கேட்க அது நல்ல படமாக இருக்கும் என்றார் பொருளாளர். உள்ளூர்த் தச்சரைப் பயிற்றுநராக வைப்பதில் இரண்டு கருத்து இருந்தது. எங்கள் பெயரில் நடக்கும் நிலையத்துக்கு எங்கள் ஆள் வேண்டாமா என்று கேட்டார்கள். விவாதத்துக்குப் பிறகு அதுவும் சரி என்றாயிற்று. சந்தையில் உட்கார்ந்து பார்க்கும் யோசனைக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பேராயரிடம் தேதி வாங்கியாகிவிட்டது என்கிறார்கள்.